ஹெட்லைட்டில் பூசிய கொசு க்ரீம்

முரளி,

உன் கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்துவிட்டது. நீ போனில் பார்த்து சரி சொன்ன அதே நிறம், அதே எழுத்து. உன் அப்பா கூடத்தில் பாயை விரித்து உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் மூலையில் மஞ்சள் தடவினார். லக்ஷ்மிபாய் நகர், மோதி பாக் என்று டில்லியில் இருக்கிற பழைய குவார்ட்டர்ஸ் சினேகிதர்கள் வீடெல்லாம் ஏறி இறங்கிக் கொடுத்து முடித்துவிட்டோம். ஒன்று மட்டும் என் கைப்பையிலேயே கிடக்கிறது. அதன் மேல் இன்னும் பெயர் எழுதவில்லை. அது நர்ஸ் ஸ்டெல்லாவுக்கு உரியது. இரண்டு தடவை எடுத்துப் போனேன், கொடுக்கக் கை வரவில்லை, திரும்பக் கொண்டுவந்துவிட்டேன். ஏன் என்று உன்னிடம் போனில் சொல்ல வந்தபோது நீ சிரித்தாய். பிறகு மீட்டிங் இருக்கிறது என்று வைத்துவிட்டாய். கடிதம் என்றால் உன்னால் பாதியில் வைக்க முடியாது, அதனால் எழுதுகிறேன். கூரியரில் போட்டால் கனடா வந்து சேர்வதற்குள் உன் கல்யாணமே முடிந்துவிடும் என்பதால் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து அனுப்புகிறேன். பன்னிரண்டாவது வரைக்கும் தமிழ் படித்தவன்தானே, எழுத்துக் கூட்டியாவது நீயே படி. போனிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லாதே. இதை ஒரு மிஷின் குரலில் நீ கேட்பதை நினைத்தாலே எனக்குக் குமட்டுகிறது.

குமட்டல் என்ற வார்த்தையைச் சும்மா போடவில்லை. ஒரு வாரமாக எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இந்த ஊரின் மார்கழிக் காற்றில் வரும் டயர் எரிந்த நாற்றம் காரணம் என்று உன் அப்பா நினைக்கிறார். நம் மாடிப்படி வளைவில் எவனோ பான் துப்பி வைத்திருக்கும் கண்றாவியைத் தாண்டித்தான் தினமும் போய் வருகிறேன், அதற்கெல்லாம் நான் மூஞ்சியைச் சுளித்து முடித்து வெகு காலம் ஆகிவிட்டது. இந்தக் குமட்டல் வேறு. என் வீட்டில், என் கையால் சோறு போட்டு வளர்ந்த பிள்ளை செய்த காரியத்தால் வந்தது.

நம்முடைய அந்தப் பழைய வெள்ளைக் காரைப் பற்றித்தான் சொல்கிறேன். அதன் ஹெட்லைட் மங்கிப் போனதில் எங்களுக்கும் பங்கு உண்டு, அதை முதலில் சொல்லிவிடுகிறேன், நீ அதைப் பிடித்துக்கொண்டு வாதாட வேண்டாம். ஆயுத பூஜை வந்தால் உன் அப்பாவுக்குக் கை சும்மா இருக்காது. நான் உள்ளே குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருப்பேன். அவர் மிச்சப் புளியையும் தேங்காய் நாரையும் எடுத்துக்கொண்டு கீழே போய்க் காரின் ஹெட்லைட்டைத் தேய்ப்பார். பித்தளை பளிச்சென்று ஆகும்போது இது ஆகாதா என்பது அவர் கணக்கு. தேய்த்த அன்று பளிச்சென்றுதான் இருக்கும். சந்தனமும் குங்குமமும் வைத்து, கற்பூரம் காட்டி, சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றுவோம். நானும் மாடியிலிருந்து பார்த்து மெச்சிக்கொண்டிருக்கிறேன். அது கண்ணாடியே இல்லை, கெட்டி பிளாஸ்டிக், அதன் மேல் வெயிலைத் தாங்க ஒரு மெல்லிய பூச்சு இருக்கும் என்பது எங்களுக்கு யார் சொன்னார்கள்? வருஷா வருஷம் பண்டிகை கொண்டாடி அந்தப் பூச்சை நாங்களே உரித்து எடுத்துவிட்டோம். அதன் பிறகு டில்லி வெயிலும் புழுதியும் சேர்ந்து அதை மஞ்சளாக்கிவிட்டன. தெரியாமல் கெடுத்தோம். கெட்டுப்போனது எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி நின்றது. நாங்கள் அதை எவரிடமும் மறைக்கவில்லை.

நீ தீபாவளிக்கு வந்தாய். காரை விற்றுவிடலாம், அப்பா இனி ஓட்ட வேண்டாம் என்றாய். நியாயமான பேச்சு, நானும் ஒத்துக்கொண்டேன். ஸ்டெல்லாவிடம் கேட்கலாம் என்று சொன்னவளும் நான்தான். அந்தப் பெண் யார் என்று உனக்கு மறந்திருக்காது என்று நினைக்கிறேன், ஆனாலும் சொல்கிறேன். உன் அப்பாவுக்குப் பித்தப்பைக் கல்லுக்கு ஆபரேஷன் ஆனபோது நீ அங்கே விமானம் பிடிக்க முடியாமல் தவித்தாய். மயக்கம் தெளிகிற நேரத்தில் அவருக்கு ஹிந்தி மொத்தமும் மறந்துபோயிருந்தது. இத்தனை வருஷம் ஹிந்தியில் ஆபீஸ் நடத்திய மனுஷன், தண்ணி, தண்ணி என்று தமிழில் அரற்றிக்கொண்டிருக்க, வார்டில் இருந்தவர்கள் முழித்தார்கள். அப்போது ஓடி வந்தவள்தான் ஸ்டெல்லா. தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். "இப்பம் தண்ணி குடுக்கக் கூடாதுப்பா, பஞ்ச நனைச்சு உதட்டுல வைக்கேன்" என்று அவள் சொன்னதும் அவர் சின்னப் பிள்ளை மாதிரி அடங்கிப்போனார். டூட்டி முடிந்த பிறகும் அந்தப் பெண் வீட்டுக்குப் போகாமல் என்னோடு உட்கார்ந்திருந்தாள். அவள் முனிர்காவில் நம் பின்பக்கத்துச் சந்திலேயே ஒரு அறையில் இருக்கிறாள் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

அவளுக்கு ஏன் கார் என்று நீ கேட்டது ஞாபகம் இருக்கிறது. ஊருக்கு வெளியே இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்கு மாறிவிட்டாள். விடிவதற்கு முன்னால் கிளம்பினால்தான் காலை ஷிப்டுக்குப் போய்ச் சேர முடியும். ஷேர் ஆட்டோவில் ஆறேழு ஆண்களுக்கு நடுவில் இடித்து நெருக்கிக்கொண்டு போகிற அசிங்கத்தை அவள் ஒரே ஒரு முறை என்னிடம் சொன்னாள், அப்புறம் சொல்லவே இல்லை. அந்த அசிங்கத்திலிருந்து தப்பிக்கத்தான் டிரைவிங் கற்றுக்கொண்டாள், லைசென்ஸ் எடுத்தாள். ஆன்ட்டி வீட்டுக் கார் என்றால் யோசிக்கவே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். வேறு எந்தக் காரையும் போய்ப் பார்க்கவில்லை, ஒரு மெக்கானிக்கைக்கூட அழைத்து வந்து காட்டவில்லை. நம்மைப் பார்த்து வாங்கினாள்.

அவள் வருவதாக இருந்த அன்று மத்தியானம் நீ கீழே காரின் முன்னால் குந்தி உட்கார்ந்து பஞ்சால் எதையோ துடைத்துக்கொண்டிருந்தாய். நான் பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டு பார்த்தேன். எனக்கு என்ன பெருமை தெரியுமா? வெளிநாட்டில் இருந்தும் என் பிள்ளைக்கு ஒரு பொருளைக் கொடுக்கும்போது துடைத்துச் சுத்தமாகக் கொடுக்க வேண்டும் என்று தோன்றுகிறதே என்று உன் அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். நீ மேலே வந்து சாப்பிட உட்கார்ந்தபோது உன் கையிலிருந்து கொசு க்ரீம் வாசனை வந்தது. சோப்புப் போட்டுக் கழுவியும் போகவில்லை. டெங்கு சீசன் ஆயிற்றே என்று எனக்குக் கவலை. "கீழ கொசு கடிச்சுதாடா?" என்று கேட்டேன். "ஆமாம்மா" என்றாய். நான் ரசம் ஊற்றினேன். நீ பிசைந்து சாப்பிட்டாய்.

அந்த ஒரு வார்த்தையைத்தான் நான் இப்போது மென்று துப்ப முடியாமல் வாயில் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

நீ ஊருக்குப் போனாய். மார்கழி பிறந்தது. விடிகாலையில் கோயிலுக்குப் போகிற என் வழக்கம் உனக்குத் தெரியும். குளிரில் ஆட்டோ கிடைக்காமல் நான் சாலையில் நிற்பதைப் பார்த்துவிட்டு ஸ்டெல்லா, போகிற வழிதானே, ஏறுங்க ஆன்ட்டி என்று காரை நிறுத்தினாள். விற்ற பிறகு அந்தக் காரில் நான் ஏறியது அன்றைக்குத்தான். அவள் அதை மெட்ரோ பக்கம் நிறுத்துகிறாள் என்பதால் என் கண்ணில் பட்டதும் இல்லை. உள்ளே மாதா படம் ஒட்டி, சீட்டுக்கு உறை போட்டு அழகாக வைத்திருந்தாள். வெளியே டில்லிப் பனி மூட்டம். நீ பார்க்காததா? ஆனால் முன்னால் விழ வேண்டிய வெளிச்சத்தைக் காணோம். கார் மூக்குக்குக் கீழே ஏதோ மஞ்சளாகக் கலங்கிக் கிடந்தது, அவ்வளவுதான். லைட் போட்டிருக்கிறாயா என்று கேட்டேன். போட்டிருக்கேன் ஆன்ட்டி, பனில்லா, அதான் என்றாள். நானும் அதை நம்பி, முருகா என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மேம்பாலம் இறங்குகிற இடத்தில் ஒரு தள்ளுவண்டி. காலிஃபிளவர் மலை மாதிரி ஏற்றி, ஒருத்தன் போர்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு தள்ளிக்கொண்டு போகிறான். எங்கள் முன்னால் வந்து முளைத்த மாதிரி இருந்தது. ஸ்டெல்லா பிரேக்கை மிதித்தாள். கார் வழுக்கிக்கொண்டு போய், அவன் இடுப்புக்கும் பம்பருக்கும் நடுவில் ஒரு கை அகலம் இடைவெளி வைத்து நின்றது. அவன் திரும்பி, "அந்தீ ஹோ க்யா?" என்று கேட்டான். குருடியா என்று கேட்கிறான். கேட்டுவிட்டு அவனே எங்கள் ஹெட்லைட்டைக் குனிந்து பார்த்து, காறித் துப்பிவிட்டுப் போனான். ஸ்டெல்லா ஸ்டீயரிங்கை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு விரலாக நான்தான் பிரித்து எடுத்தேன். ஊசி போடுகிற கை முரளி அது. உன் அப்பாவுக்கு நரம்பு தேடி ஒரே குத்தில் போட்ட கை.

ஓரமாக நிறுத்தச் சொன்னேன். இறங்கிப் போய் ஹெட்லைட்டைத் தொட்டுப் பார்த்தேன். பிசுபிசுவென்று விரலில் ஒட்டியது. ஆறிப்போன பாயசத்தில் படிகிற ஆடை மாதிரி ஒரு படலம். அதில் புழுதியும் செத்த பூச்சியும் ஒட்டிக் கிடந்தன. அடியில் பிளாஸ்டிக் முழுக்க மெல்லிய வெடிப்பு. ச்சை என்று கையை உதறினேன். விரலை மோந்து பார்த்தேன். உன் கையில் அன்றைக்கு வந்த அதே வாசனை.

"லைட்டு ஏன் இப்பிடிப் போச்சுன்னே தெரியல ஆன்ட்டி. அண்ணன் சொல்லித் தந்த மாதிரி வாராவாரம் போடத்தான் செய்யேன்" என்றாள். எதைப் போடுகிறாய் என்றேன். டாஷ்போர்டு பெட்டியைத் திறந்து கொசு க்ரீம் டியூபை எடுத்துக் காட்டினாள். பாதி பிழிந்த டியூப், பக்கத்தில் மடித்து வைத்த பஞ்சு. கார் பார்க்க வந்தபோது நீ மறுபடியும் ஒரு தடவை துடைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்து, என்னண்ணே போடுதீங்க என்று கேட்டாளாம். வாரம் ஒரு தடவை இதைப் பூசித் துடைத்தால் புதுசு மாதிரி இருக்கும் என்று நீ சொன்னாயாம். அவள் அதை மருந்துச்சீட்டு மாதிரி எடுத்துக்கொண்டிருக்கிறாள். அவள் தொழில் அப்படி. மூன்று வேளை என்றால் மூன்று வேளை கொடுத்துத்தான் அவளுக்குப் பழக்கம். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய் வந்ததும் உட்கார்ந்து, உன் பேச்சைக் கேட்டு, தன் கையாலேயே தன் காரின் கண்ணை அவித்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கு நான் கோயிலுக்குப் போகவில்லை. அந்தக் கையோடு போகப் பிடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து உனக்குப் போன் செய்தேன். நீ மழுப்புவாய் என்று நினைத்தேன். நீ மழுப்பக்கூட இல்லை. "சல்தா ஹை மா, இதெல்லாம் சகஜம். பழைய காருன்னா எல்லாரும் பண்றதுதான். அவ ஏன் வாராவாரம் போட்டா, லூசா?" என்றாய். பொய் சொன்னவன் நீ, நம்பினவள் லூசு. அந்தக் க்ரீம் பிளாஸ்டிக்கின் மேல் தோலைக் கரைக்கும், கரைந்த ஈரத்தில் இரண்டு நாள் மினுங்கும், அப்புறம் முன்னைவிடக் கேவலமாகப் போகும் என்பது உனக்குத் தெரிந்திருக்கிறது. வீடியோவில் பார்த்தேன் என்று நீயே சொன்னாய். அந்த வீடியோக்களை நானும் பிறகு பார்த்தேன். கண்றாவி. ஒருத்தன் பல் தேய்க்கிற பேஸ்டைப் பூசுகிறான், ஒருத்தன் சமையல் எண்ணெயைத் தடவுகிறான், துடைத்தவுடன் படத்தை நிறுத்திவிடுகிறார்கள். மறு வாரம் என்ன ஆயிற்று என்று ஒரு பாவியும் காட்டுவதில்லை. நாங்கள் தெரியாமல் கெடுத்ததை நீ தெரிந்தே பூசி மெழுகினாய். மங்கலாகவே விட்டிருந்தால் அவள் முதல் நாளே பார்த்திருப்பாள். சரி செய்து கொடுங்க என்று கேட்டிருப்பாள், அல்லது வேண்டாம் என்று போயிருப்பாள். இரண்டுமே அவளுக்கு நல்லதுதான்.

இனி நான் செய்ததைக் கேள். புது ஹெட்லைட் வாங்கலாம் என்று போனால் அந்தப் பழைய மாடலுக்கு இப்போது வருவதில்லை என்றார்கள். கடைக்காரனிடமே கேட்டு வேண்டிய சாமானை வாங்கி வந்தேன். ஞாயிற்றுக்கிழமை ஸ்டெல்லாவைக் காரோடு நம் வீட்டுக்கு வரச் சொன்னேன். கல்யாணம் செய்துகொண்டு நீயும் பழைய காரோடும் பழைய வீட்டோடும் மாரடிக்கப் போகிறவன், அதனால் எப்படிச் செய்வது என்று தெரிந்துகொள். வெயில் ஏறிய பிறகுதான் ஆரம்பிக்க வேண்டும், இந்த ஊர் ஈரத்தில் எதுவும் காயாது. முதலில் சோப்புத் தண்ணீரில் கழுவு. அந்தப் பிசுக்கு சீக்கிரம் போகவில்லை, நகத்தில் ஏறிக்கொண்டு உயிரை வாங்கியது. பிறகு ஹெட்லைட்டைச் சுற்றிப் பெயிண்டில் கீறல் விழாமல் டேப் ஒட்டு. அப்புறம் தண்ணீரில் நனைத்துத் தேய்க்கிற எமரி பேப்பர், சொரசொரப்பானதில் ஆரம்பித்து வரவர மெல்லியதற்குப் போக வேண்டும். தண்ணீர் ஊற்றிக்கொண்டே தேய்க்க வேண்டும். காய்ந்தால் கீறிவிடும். ஒரே பக்கமாக, அழுத்தாமல்.

தேய்க்கத் தேய்க்க வெளியே வந்ததைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. மஞ்சளாகச் சீழ் வடிகிற மாதிரி வடிந்தது. எனக்கு ஓங்கரித்துக்கொண்டு வந்தது, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். ஸ்டெல்லா முகம் சுளிக்கவில்லை. புண்ணைச் சுத்தம் செய்கிற மாதிரி, துடைத்து, தண்ணீர் ஊற்றி, மறுபடி துடைத்து, நிதானமாகச் செய்தாள். இதெல்லாம் வெளிய வந்தாத்தான் ஆறும் ஆன்ட்டி என்று சிரித்தாள். உன் அப்பா வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கொஞ்சம் புளி கொண்டு வரட்டுமா என்று கேட்டார். நான் பார்த்த பார்வையில் வாளியோடு இரண்டடி பின்னால் போனார். கீழ் வீட்டு சர்மா ஜி கை கட்டி நின்று, கபாடிக்காரனுக்குப் பழைய இரும்பு விலைக்குப் போட வேண்டிய வண்டிக்கு இத்தனை அலங்காரமா என்றார்.

ஒரு கட்டத்தில் ஹெட்லைட் முழுக்கப் பாலாடை மாதிரி வெள்ளையாகிவிடும். கெடுத்துவிட்டோம் என்று பயம் வரும். அங்கேதான் முக்கால்வாசிப் பேர் விட்டுவிட்டு ஓடுகிறார்கள். ஓடக் கூடாது. வடிகிற தண்ணீரில் மஞ்சள் போய் வெள்ளையாக வருகிறதா என்று பார்த்து, மெல்லிய பேப்பரால் இன்னும் தேய்த்து, அதற்கப்புறம் பாலிஷ் போட்டுத் துணியால் வட்டம் வட்டமாகத் தேய்த்தால் உள்ளே இருக்கிற பல்பு கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும். கடைசியில் வெயில் தாங்குகிற பூச்சு, ஸ்ப்ரேயில் வருகிறது, அதை அடித்துப் புழுதி படாமல் காய விட வேண்டும். அந்தப் பூச்சு இல்லாவிட்டால் இத்தனை பாடும் வீண், இரண்டு மாதத்தில் திரும்ப மஞ்சள்தான். வலது பக்கம் நன்றாக வந்துவிட்டது. இடது பக்கத்தில் க்ரீம் கரைத்த வெடிப்பு ஆழமாகப் போயிருக்கிறது. எவ்வளவு தேய்த்தும் ஒரு மூலையில் சிலந்தி வலை மாதிரி அப்படியே நிற்கிறது. அது இனிப் போகாது.

பூச்சு காய்வதற்காகக் காத்துக்கொண்டு நாங்கள் படியில் உட்கார்ந்து டீ குடித்தோம். நான் ஸ்டெல்லாவிடம், இனிமேல் அந்தக் க்ரீமைத் தொடாதே, அதுதான் கெடுத்தது என்று சொல்லி டியூபை வாங்கிக்கொண்டேன். "அண்ணனுக்கும் தெரிஞ்சிருக்காது ஆன்ட்டி. யாரோ தப்பாச் சொல்லிக் குடுத்திருப்பாங்க, பாவம்" என்றாள்.

பாவமாம், நீ. எனக்கு அங்கேயே எழுந்து உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று வந்தது. வாய் திறந்தேன். பிஸ்கட் எடுத்துக்கோம்மா என்று சொன்னேன். என் பிள்ளையின் மானத்தைக் காப்பாற்ற அவள் முன்னால் நானும் உன்னை மாதிரியே ஒரு மினுக்குப் பூச்சு பூசிவிட்டேன். உன் மேல் இருக்கிற அருவருப்பு அந்த நிமிஷம் என் மேலும் வந்து ஒட்டிக்கொண்டது. அன்றிலிருந்துதான் சோறு இறங்கவில்லை.

நான் சொல்லிவிட்டால் அது கோள் சொன்ன கதையாக முடியும். அவள் என்னைத்தான் சமாதானப்படுத்துவாள், போகட்டும் ஆன்ட்டி என்பாள், நீ அங்கே உட்கார்ந்து நிம்மதியாக மீட்டிங்குக்குப் போவாய். அதனால் நீதான் சொல்ல வேண்டும். நாளைக்கு உன்னை நம்பி ஒருத்தி வரப் போகிறாள். அவளும் என்னை மாதிரி ஏதாவது வாசனை பிடித்துக் கேள்வி கேட்பாள். ஆமாம் என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட்டு நீ சோற்றைப் பிசைவாய். அவளும் நம்பி ரசம் ஊற்றுவாள். வீட்டுக்குள் பொய் அப்படித்தான் குடி வரும். ஒரு பொருள் மங்கிப்போனால் மங்கிப்போயிற்று என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து தேய்க்கலாம். மினுக்கிக் காட்டிவிட்டால் தேய்க்கக்கூட முடியாத வெடிப்பு விழுந்துவிடும். இடது பக்க ஹெட்லைட்டைப் பார்த்தால் உனக்கே விளங்கும்.

பார்க்கத்தான் போகிறாய். நீ வந்து இறங்குகிற விமானம் விடிவதற்கு முன்னால் வருகிறது என்று உன் அப்பா ஸ்டெல்லாவிடம் சொல்லியிருக்கிறார். அவள் அன்றைக்கு லீவு போட்டுவிட்டாள். கல்யாண மாப்பிள்ளை டாக்ஸியில் வரலாமா, அண்ணனை நான்தான் கூட்டிட்டு வருவேன், லைட்டெல்லாம் இப்பம் சூப்பரா இருக்குல்லா என்று குதிக்கிறாள். நான் தடுக்கவில்லை. நானும் கூட வருகிறேன். பின் சீட்டில் உட்கார்ந்துகொள்வேன். நீ முன்னால் அவள் பக்கத்தில் உட்கார். தை மாதப் பனி அப்போதும் இருக்கும். வலது பக்கத்து வெளிச்சம் நேராக நீளமாக விழும், இடது பக்கத்து வெளிச்சம் மூலையில் சிதறும். அந்த இரண்டையும் பார்த்துக்கொண்டே வா.

பெயர் எழுதாத பத்திரிகையும் ஒரு பேனாவும் என் மடியில் இருக்கும். ஏர்போர்ட்டிலிருந்து முனிர்கா ஒன்றும் தூரம் இல்லை, ஆனால் உண்மை சொல்ல அது போதும். நீ சொல்லிவிட்டால் பேனாவை உன்னிடம் தருகிறேன், அவள் பெயரை உன் கையாலேயே எழுதிக் கொடு. அவள் வாங்கிக்கொள்வாளா, மூஞ்சியில் விட்டெறிவாளா என்பது அவள் இஷ்டம், இரண்டுக்கும் நீ தயாராக இருந்துகொள். சொல்லாமல் வந்தாயானால், வீட்டு வாசலில் நீ மட்டும் இறங்கு. உன் அப்பா ஆரத்தித் தட்டோடு நிற்பார். நான் இறங்க மாட்டேன். அவளோடு அப்படியே அவள் அறைக்குப் போய், பிஸ்கட் எடுத்துக்கோ என்று சொன்ன இந்த வாயாலேயே எல்லாவற்றையும் சொல்லுவேன். அப்புறம் உன் கல்யாணத்துக்கு நான் எந்த முகத்தோடு வந்து நிற்பது என்பதை நீ யோசித்துக்கொள்.

கையை நன்றாகக் கழுவிக்கொண்டு வா. கொசு கடித்ததா என்று இந்த முறை நான் கேட்க மாட்டேன்.

அம்மா